பாலாற்று வெள்ளக் காப்பு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்தில் வெள்ளத்திலிருந்து மக்களைக் காக்கும் உள்ளூர் ஏற்பாடுகள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு, வடகிழக்குப் பருவமழையில் மேல்புற ஏரிகள் நிரம்பி வழிந்தால் திடீரெனப் பெருகும். 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடியில் சுமார் 200 பேர் மாண்டனர். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் கனமழையால் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர்.

மழைக்கு முன்பே ஏரிக்கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றைச் செப்பனிடுதல், வரத்துக் கால்வாய் தூர்வாருதல், மழையின்போது ஊறிய மண்சுவர் வீடுகளில் இருப்போரைப் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் மாற்றுதல் ஆகியவை முதன்மைப் பணிகள். தோல் ஆலைக் கழிவு கலந்த கிணற்று நீரைக் காய்ச்சினாலும் குரோமியம் நீங்காது. எனவே முகாம்களுக்கு லாரித் தண்ணீர் கட்டாயம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பிரிவு அருகிலுள்ள அரக்கோணத்தில் இயங்குகிறது.