பட்டப் பத்திரத்தில் ஓர் அடித்தல்

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். புகையின்றிக் கிண்டியையும் பல்லாவரத்தையும் கடந்து போன அந்த வண்டியில் ஏறியவர்களில், தம் வீட்டுப் பெண் ஒருத்தி மின்சார வித்தையைக் கற்கக்கூடும் என்று எண்ணியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் பாதைக்கு வெகு அருகிலேயே, கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில், பிற்பாடு அப்படி எண்ணிய தகப்பனார் ஒருவர் இருந்தார்.

பப்பு சுப்பாராவ் அங்கே மின்சாரப் பொறியியல் பேராசிரியர். ஏழு குழந்தைகள். பெரிய சீர்திருத்தவாதி என்று அவரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளை எஞ்சினீயர்களாக்கினார், பெண்களுக்குக் காலத்தில் கல்யாணம் செய்து வைத்தார். ஐந்தாவது குழந்தை லலிதாவுக்குப் பதினைந்து வயதில் விவாகம். பத்தாவது வரை படிக்கட்டும் என்று மட்டும் பிடிவாதமாக இருந்தார். 1937-ல் மாப்பிள்ளை இறந்து போனார். லலிதாவுக்கு வயது பதினெட்டு. கையில் நாலு மாதப் பெண் குழந்தை.

அக்காலத்தில் விதவைப் பெண் ஒரு மூலையில் முடங்கிவிடுவாள். சகோதரி சுப்புலட்சுமி போன்றவர்களின் கருணை கிட்டினால், உபாத்தியாயினி ஆகலாம். சுப்பாராவ் மகளை வீட்டுக்கு அழைத்துவந்து குவீன் மேரீஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் படிக்க வைத்தார். அதன் பின் என்ன? வைத்தியம் படிக்கலாம். ஆனால் டாக்டரை நடுநிசியிலும் கூப்பிடுவார்கள். குழந்தையை யாரிடம் விடுவது? காலையில் போய் மாலையில் திரும்பும் வேலையாக வேண்டும் என்றே லலிதா எஞ்சினீயரிங்கைத் தேர்ந்தாளாம். மகத்தான லட்சியம் ஒன்றும் இல்லை. தாயின் கணக்கு, அவ்வளவுதான். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

1794-ல் எட்டுப் பையன்களோடு சர்வே பள்ளியாக ஆரம்பித்த அந்த ஸ்தாபனத்தில் பெண் வாடையே கிடையாது. சுப்பாராவ் பிரின்ஸிபால் சாக்கோவிடம் பேசினார்; கல்வி இலாகா டைரக்டர் ஸ்டாதமின் சம்மதத்தையும் பெற்றார். 1940-ல் லலிதா சேர்ந்தாள். தனியாக ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று கல்லூரியே விளம்பரம் செய்ய, லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். குழந்தை சகோதரர் குடும்பத்தில் வளர்ந்தது. லலிதா வாரக் கடைசியில் போய்ப் பார்த்து வந்தாள்.

பட்டப் பத்திரத்தின் அச்சு வாசகத்தில் ‘அவன்’ என்றுதான் இருந்தது. பெண்ணுக்கென்று வேறு படிவம் ஏது? அச்சிட்டதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பின்னர் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் சர்க்கார் உத்தியோகம். அதன்பின் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் நெடுங்கால வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்கடத்திப் பாதைகளில் லலிதா அம்மாளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் கூடிய பெண் எஞ்சினீயர்களின் முதல் சர்வதேச மகாநாட்டுக்கும் போய்வந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1979-ல், அறுபதாவது வயதில் காலமானார்.

அவருக்குத் துணையாக வந்த திரேசியா 1971-ல் கேரளத்தின் தலைமை எஞ்சினீயரானார்.