வெற்றிலையில் கிராம்பு மணம்

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. அப்பெயரை ஈட்டித் தந்த மணத்துக்குக் காப்பு எது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்குப் பழைய அரபு நூல்களும் துணைபுரிகின்றன.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீஃபா அத்தீனவரீ ‘கிதாபுந் நபாத்’ என்னும் தாவர நூலை இயற்றியவர். சட்ட மேதை இமாம் அபூ ஹனீஃபா வேறு, இவர் வேறு. இவர் ‘தன்பூல்’ எனப்படும் வெற்றிலையைப் பற்றி எழுதியதை, அந்தலூசிய மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் (மறைவு 1248) எடுத்தாள்கிறார். ஓமன் பகுதியில் பயிராகும் இக்கொடியின் இலை கிராம்பின் சுவையுடையது என்பது அக்குறிப்பு. அது வெறும் உவமையன்று. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்னும் பொருள் வெற்றிலை எண்ணெயிலும் உண்டு என்பதை இன்றைய வேதியியல் உறுதிப்படுத்துகிறது. அதன் அளவு இனத்துக்கு இனம் வேறுபடும்.

14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா, ஓமனின் ளஃபார் நகரைப் பற்றி எழுதுமிடத்தில் வெற்றிலையை விரிவாக விவரிக்கிறார். திராட்சைக் கொடிபோல் பந்தலிட்டோ, தென்னையின் மீது ஏற்றியோ வளர்ப்பர். மஞ்சள் நிற இலையே சிறந்தது. இலைகளை நாள்தோறும் பறிப்பர் என்கிறார். பிற்காலத்தில் மஅபர் எனப்பட்ட நம் தமிழகத்துக்கும் வந்தவர் அவர்.

நாள்தோறும் பறிப்பதன் காரணத்தைக் கொடிக்காலில் நின்றால் அறியலாம். ஒரே கொடியின் இலைகள் ஒரே நாளில் பக்குவமடைவதில்லை. நுனியில் கொழுந்து இருக்கும்போதே அடியில் முற்றல் இருக்கும். இளம் இலையில் எண்ணெயும் சர்க்கரையும் மிகுதி. முற்றிய இலையில் அவை குறைந்துவிடுகின்றன. மிக இளையதைக் கிள்ளினாலோ இலை சிறுத்துப்போகும், கொடியும் தளரும். மணமும் அளவும் சேரும் இடைவெளி சில நாள்களே. பறித்த பின்னும் வெயில் பட்டால் இலை வாடும். எனவே அதிகாலையிலோ மாலையிலோ காம்புடன் கிள்ளுவர்.

இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை வட்டாரங்களில் அகத்தியில் படரும் கொடிகளிடையே இந்தத் தேர்வைச் செய்வது பறிப்பவரின் கண்ணும் விரலுமே. எந்த இலை இன்று, எந்த இலை நாளை என்னும் அறிவு ஏட்டில் இல்லை. ஆள் கிடைக்காமல் ஒரே நாளில் அனைத்தையும் பறிக்கும் நிலை வந்தால், கவுளியில் பெயர் இருக்கும். தீனவரீ குறித்த சுவை இராது. குறியீட்டைப் பெற்றவர்கள் அந்தக் கைகளின் கூலியையும் கவனிக்க வேண்டும்.