கண்டித்தலும் கண்டனமும்: மைசூர் மறைவரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

மாதேஸ்வரன் மலையை அடுத்து, தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கிறது மார்டள்ளி. தமிழ் பேசும் கத்தோலிக்கர் மிகுந்த ஊர். 1956 வரை இவ்வூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாவட்டத்துக்கும், 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்கும் மாறியது. திருச்சபை நிர்வாகத்தில் இன்றும் மைசூர் மறைமாவட்டத்துக்கு உட்பட்டதே.

1993 ஏப்ரல் 9 அன்று, மலையிலிருந்து மேட்டூர் நோக்கிச் செல்லும் வழியில் பாலாற்றருகே வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அன்று பெரிய வெள்ளி. அதன்பின் சில ஆண்டுகள் இச்சுற்றுவட்டார மக்கள் மீது விழுந்த ஐயத்தின் பார்வை எளிதில் விலகவில்லை. ஒருவர் செய்த தவறை அவரிடமே எடுத்துரைத்தல் ஒன்று. அவரையும் அவரைச் சேர்ந்தோரையும் தீர்ப்பிட்டுத் தள்ளிவிடுதல் வேறொன்று. இவ்வேறுபாட்டைக் கிறித்தவ மரபு எவ்வாறு எண்ணியது, மைசூர் மண்ணில் அது எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதே இப்பதிவின் பொருள்.

தமிழில் கண்டித்தலும் கண்டனமும் ஒரே குடும்பச் சொற்கள். ஆயினும் வழக்கில் அவை பிரிந்துவிட்டன. பிள்ளையைத் தாய் கண்டிப்பாள். பகைவன் மீது கண்டனம் தெரிவிப்பார்கள். முன்னதில் உறவு தொடர்கிறது, பின்னதில் அறுகிறது. இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளுமாறு அரசனுக்கு அறிவுறுத்திய வள்ளுவரும் முன்னதையே கருதினார். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் இதற்கொரு முறையையே வகுக்கிறது. தவறியவரிடம் முதலில் தனித்துப் பேச வேண்டும். அவர் செவிகொடாவிடில் ஓரிருவரை உடனழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிடில் சபையிடம் கூற வேண்டும். குற்றத்தை முதலில் கேட்கும் உரிமை குற்றம் புரிந்தவருக்கே உண்டு என்பது இம்முறையின் உட்பொருள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனை மேலும் தெளிவாக்கினார். தவறியவரின் நன்மைக்காகச் செய்யும் திருத்தம் அன்பின் செயல். பொது நன்மையைக் காக்கச் செய்யும் திருத்தம் நீதியின் செயல். இரண்டும் தேவை, ஒன்றை மற்றொன்றாக மயங்கலாகாது.

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே இக்கவலை தென்படுகிறது. என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் 1578இல் வெளியிட்ட ‘தம்பிரான் வணக்க’த்தைத் தொடர்ந்து, 1580இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்றும் தமிழில் அச்சாயிற்று. பாவத்தைப் பிறர் சுட்டுமுன் தானே எண்ணிப் பார்த்துத் தன் வாயால் சொல்லப் பழக்கும் நூல் அது.

இம்மரபுக்கு மைசூர் நாட்டில் நேர்ந்த பெருஞ்சோதனை 1784இல் தொடங்கிற்று. திப்பு சுல்தான் கனராக் கடற்கரைக் கத்தோலிக்கரைச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றான். அவர்கள் தொகையை 30,000 முதல் 80,000 வரை பலரும் பலவாறு கணிப்பர். பலர் வழியிலும் சிறையிலும் மடிந்தனர். பலர் வற்புறுத்தலால் மதம் மாறினர். 1799இல் கோட்டை வீழ்ந்தபின் சிதறுண்ட சமூகத்தை மீளக் கட்டப் பாரிசு அயல்மறைப் பணிக்கழகத்தைச் சேர்ந்த அபே துபுவா அங்கு வந்தார். அஞ்சி நம்பிக்கையைக் கைவிட்டுத் திரும்பி நிற்போரை என்செய்வது என்ற வினா அவர்முன் எழுந்தது.

வினா புதிதன்று. கி.பி. 250இல் பேரரசன் தேசியுஸ் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட ஆணையிட்டபோது கார்த்தேஜ் நகரக் கிறித்தவர் பலர் பணிந்தனர்; சிலர் பலியிடாமலே பலியிட்டதாகச் சான்றிதழ் பெற்றுக்கொண்டனர். இவர்களை ஒருபோதும் ஏற்கலாகாது என்றார் உரோமையின் நொவாசியான். உடனே, எவ்விசாரணையுமின்றி ஏற்கலாம் என்றோரும் இருந்தனர். ஆயர் சிப்ரியான் இரண்டையும் மறுத்தார். நடந்தது பாவமே எனச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து, தவத்துக்குப் பின் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வழி. அத்துன்ப காலத்தில் சிப்ரியானே நகரைவிட்டு மறைந்திருந்தவர் என்பதையும் நினைவிற்கொள்க. தன் வலுவின்மையை அறிந்தவரே பிறர் வலுவின்மையை அளந்து பேச முடிந்தது போலும்.

துபுவாவும் செயலில் அவ்வழியே நின்றார். வழுவியோரை மீண்டும் சபையில் சேர்த்துக்கொண்டார்; ஹாசன் பகுதியின் சாத்தள்ளியில் வேளாண் குடியிருப்பு அமைய உதவினார்; அம்மைப்பால் குத்துவதைப் பரப்பினார். ஆனால் 1823இல் இந்தியாவை நீங்கியதும் இலண்டனில் வெளிவந்த அவருடைய கடிதநூல் வேறு குரலில் பேசுகிறது. அத்தனை ஆயிரம் பேரில் விசுவாசத்துக்காக உயிர்நீக்கத் துணிந்தவர் ஒருவருமில்லை என்று அவர் அதில் இகழ்ந்தெழுதினார். தாம் மனந்திருப்பிய சிலநூறு பேரையும் பழித்தார். இந்துக்களைக் கிறித்தவராக்கும் முயற்சியே வீண் என முடிவுகட்டினார். மறு ஆண்டே ஜேம்ஸ் ஹவ் இதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார்.

துபுவா தம் தோல்வியையும் மறைக்காமல் எழுதியவர் என்பது உண்மை. எனினும் நாம் கவனிக்க வேண்டியது கேட்போர் மாற்றத்தை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் யாரிடம் பேசினாரோ அவர்களே தவறியவர்கள். அவர்கள் மறுமொழி கூறலாம், அழலாம், திருந்தலாம். இலண்டன் வாசகரிடம் அதே குறையை எடுத்துரைத்தபோது அதனால் திருந்தக்கூடியவர் எவரும் அங்கில்லை. செய்தி மாறவில்லை, ஆள் மாறியதும் திருத்தம் கண்டனமாயிற்று. சிறையில் அடிபட்டவரின் அச்சம், சிறை காணாத ஒருவரின் வாதத்துக்குச் சான்றாக்கப்பட்டது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தனித்துப் பேசித் திருத்துவது என்ற போர்வையில் குற்றங்கள் மூடப்படுவதில்லையா? மூடப்படுகின்றன. குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பல நாட்டுத் திருச்சபைகள் இவ்வாறே பல்லாண்டு மறைத்தன. அக்குவினாஸ் வகுத்த எல்லை இங்குதான் பயன்படுகிறது. பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் நீதியே முந்த வேண்டும்; அன்பின் பெயரால் நீதியைத் தள்ளிவைத்தால் அது பாதிக்கப்பட்டவரைக் கண்டனம் செய்வதாக முடியும்.

பாலாற்றில் மாண்ட 22 பேரின் குடும்பங்களுக்கும் அந்நீதி உரியதே. அவ்வழக்கில் மைசூர் தடா நீதிமன்றம் 2001இல் நால்வருக்கு ஆயுள் தண்டனை விதித்தது; 2004இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. அவர்களுள் மார்டள்ளிப் பகுதிக் கத்தோலிக்கரும் உண்டு. 2013இல் கருணை மனு தள்ளுபடியாயிற்று. 2014 சனவரி 21 அன்று, அம்மனு மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நெடுங்காலத் தாமதத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றம் குற்றமாகவே நின்றது. மனிதர் மீதான கதவு மட்டும் முற்றாக அடைபடவில்லை. மறுபுறம், அதிரடிப்படையின் வரம்புமீறல்களைச் சதாசிவா குழு ஆராய, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. தவறியவரைத் தேடிச் சென்ற அரசு, தவறாதவரையும் தண்டித்ததன் கணக்கு அது.

பெரிய வெள்ளி வழிபாட்டில் யோவானின் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது, இயேசுவைச் சிலுவையில் அறையக் கூவும் கூட்டத்தின் பகுதியை இறைமக்களே சொல்வது வழக்கம். யூதாசின் பகுதியையோ பிலாத்துவின் பகுதியையோ மட்டும் சுட்டிவிட்டு ஒதுங்க அவ்வழிபாடு இடந்தருவதில்லை. பிறர் குற்றத்தை எடுத்துரைக்கப் புறப்படுவோர் முதலில் நிற்க வேண்டிய இடம் எது என்பதை, ஆண்டுதோறும் ஒருமுறை, அவர்கள் வாயாலேயே அது சொல்ல வைக்கிறது.