பெரிய கோயில் முதல் நம் சேரி வரை: உறவினருக்கு எதைக் காட்டுவது?

மலேசியாவிலிருந்து உறவினர் வந்தால் எங்கள் பகுதியில் வழக்கமான ஒரு சுற்று உண்டு. திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் தஞ்சைப் பெரிய கோயில். அங்கிருந்து திருவாரூர், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, தரங்கம்பாடிக் கோட்டை, கடைசியில் சிதம்பரம். வேன் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். எங்கே சாப்பாடு, எங்கே டீ என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

இந்த முறை எங்கள் தாத்தாவின் தம்பி வழியினர் வந்திருந்தார்கள். எண்பது வயதைக் கடந்த அத்தை, அவருடைய மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி. அத்தை பிறந்தது ரப்பர் தோட்டத்தில். அப்பா பிறந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் முறை. விமான நிலையத்திலிருந்து வரும்போதே அத்தான் மகளிடம் பெருமையாகச் சொன்னார்: "தாத்தாவுக்கு இங்க நிலபுலன் நிறைய இருந்துச்சாம். பங்காளிச் சண்டையில கோவிச்சுக்கிட்டுக் கப்பல் ஏறிட்டாராம்."

நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்தக் காலத்திலும் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். அது அத்தைக்கும் தெரியும் என்று அப்போது தோன்றியது.

அன்று இரவு வீட்டில் எங்களுக்குள் ஒரு விவாதம். நாலு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போக வந்தவர்களிடம் சாதிப் பேச்சு எதற்கு என்றார்கள் சிலர். வழக்கமான பட்டியலைக் காட்டி அனுப்பிவிடலாம் என்றார்கள். கடைசியில் வேறு முடிவுக்கு வந்தோம். பட்டியலில் உள்ள இடங்களையே காட்டுவோம், ஆனால் அங்கே நம்முடைய மக்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

தஞ்சாவூர்

ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயில். 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். விமானம் 200 அடிக்கு மேல் உயரம். வழிகாட்டிகள் இதையெல்லாம் சொல்லி, அதன் நிழல் தரையில் விழாது என்ற பொய்யையும் சேர்த்துச் சொல்வார்கள். கோயிலின் சுவர் முழுக்க இருக்கும் கல்வெட்டுகளில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கோயிலுக்கு வருமானம் தரவேண்டிய ஊர்களை ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்தான். ஒவ்வோர் ஊரிலும் எந்த நிலத்துக்கு வரி கிடையாது என்பதும் கணக்காக இருக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் என்று போகும் அந்தக் கணக்கில் பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. செத்தவர்களை எரிக்கும் இடத்தைக் குறிக்கும்போதும் பறையர் சுடுகாடு தனியாகக் குறிக்கப்படுகிறது. தீண்டாமையை அந்நியர்கள் கொண்டுவந்தார்கள், சோழர் காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஊர் வேறு சேரி வேறு என்பதை அரசனின் அலுவலர்களே அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த நீண்ட பிரகாரத்தில் நின்றுகொண்டு அத்தையிடம் இன்னொன்றையும் சொன்னோம். கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த சென்னை மாகாணச் சட்டம் 1939-இல்தான் வந்தது. எல்லாக் கோயில்களுக்கும் பொதுவான சட்டம் வர 1947 ஆயிற்று. அத்தையின் அப்பா மலாயாவுக்குக் கப்பல் ஏறியது அதற்கு முன்பு. தஞ்சாவூர்க்காரர் என்று கடைசிவரை சொல்லிக்கொண்ட அவர் இந்தக் கோயிலுக்குள் காலடி வைத்ததே இல்லை. அத்தை கொஞ்ச நேரம் கோபுர வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அதான் அப்பா இந்தக் கோயிலப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லையா" என்றார்.

வெண்மணி

திருவாரூரிலிருந்து நாகை போகும் வழியில் வெண்மணிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னதும் ஓட்டுநர், "அங்க பாக்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். அவருடைய பட்டியலில் வெண்மணி இல்லை, அவ்வளவுதான்.

வழியெல்லாம் வயல். பச்சையைப் பார்த்துப் பேத்தி படம் எடுத்துக்கொண்டே வந்தாள். இந்த வயலின் கதையை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1843-இல் வந்த ஐந்தாம் எண் சட்டம், அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. கீழத்தஞ்சையில் அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள் என்ற பெயர் நிலைத்தது. மனிதரை விற்ற ஓலையின் வேலையைக் கடன் சீட்டு செய்தது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் பண்ணையில் நின்றான். விடியுமுன் வயலில் இறங்காதவருக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. 1940-களில் பி. சீனிவாசராவ் முதலிய கம்யூனிஸ்டுகள் இங்கே சேரி சேரியாகச் சங்கம் கட்டினார்கள். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமேதான் இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு. கூலியை அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் கீழ்வெண்மணிச் சேரி தாக்கப்பட்டது. தப்பிக்க ஒரே குடிசைக்குள் புகுந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியான பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்பது அந்தத் தீர்ப்பில் ஒரு வாதமாக இருந்தது. நிலம் வைத்திருந்ததே அவர்களுக்கு நற்சான்று ஆகிவிட்டது.

நினைவிடத்தில் பேத்தி 44 பெயர்களையும் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். அத்தான் வேனில் ஏறியபோது, "தாத்தாவுக்கு நிலம் இருந்துச்சுன்னா, நாம அப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கேள்வி சரியான கேள்வி. பதிலை நாங்கள் அத்தைக்கு விட்டுவிட்டோம். அத்தை அன்று பதில் சொல்லவில்லை.

நாகப்பட்டினம்

நாகையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் கடற்கரை, கலங்கரை விளக்கம் என்பார்கள். ஸ்ரீவிஜய அரசன் பெயரால் எழுந்த சூடாமணி விகாரத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தவனும் ராஜராஜன்தான். மிஞ்சி நின்ற கடைசிக் கட்டடமும் 1867-இல் இடிக்கப்பட்டது. இந்த மண்ணின் ஆதிக்குடிகள் பௌத்தர்கள் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியபோது அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவருடைய முடிவுகளை அப்படியே ஏற்கலாம், மறுக்கலாம். இந்தக் கடற்கரையில் பௌத்தம் பல நூற்றாண்டுகள் இருந்ததை மறுக்க முடியாது. மண்ணுக்கடியிலிருந்து நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன.

இதே துறைமுகம் மனிதரை ஏற்றி அனுப்பிய துறைமுகமும்கூட. 1659 முதல் 1661 வரை போரும் பஞ்சமும் இந்தப் பகுதியை அழித்தபோது டச்சுக் கம்பெனி நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய சோழமண்டலக் கரைத் துறைகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக விலைக்கு வாங்கியது. பெரும்பாலோரை இலங்கைக்கும், மற்றவர்களைப் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியது.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே கரையில் மலாயாவுக்கு ஆள் அனுப்பும் டெப்போ இருந்தது. தோட்டத்துரையின் பணத்தோடு கங்காணி ஊருக்கு வருவார். சேரியில் முன்பணம் கொடுப்பார். பண்ணைக்கடனில் சிக்கியவர்கள் இரவோடு இரவாகக் கிளம்புவார்கள். டெப்போவில் சில நாள், பிறகு ரஜுலா போன்ற கப்பலில் டெக் பயணிகளாகப் பினாங்கு. போனவர்களில் கணிசமானோர் நம் மக்கள். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது. அத்தையின் அப்பா அதற்கு முந்தைய ஆண்டுகளில் போனவர்.

அங்கேயும் சாதி விடவில்லை. பறையருக்குத் தனி லயம் ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. ஆனால் அங்கே பால்மரம் வெட்டினால் கையில் காசு கிடைத்தது, பெயர் சொல்லிக் கூப்பிடப் பண்ணையார் இல்லை, பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருந்தது. ஓடிப்போனவர் என்று ஊர் சொன்னவர்கள் உண்மையில் தங்களைத் தாங்களே விடுவித்துக்கொண்டவர்கள். இதைக் கடற்கரையில் வைத்துச் சொன்னபோது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தரங்கம்பாடி

டேனியர் கோட்டை 1620-இல் எழுந்தது. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கினார். தமிழில் அச்சகம் நடத்தினார். புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் கட்டப்பட்டது. இவையெல்லாம் பலகையிலேயே இருக்கும். அவர் 1707-இல் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள் என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

அந்தச் சபையிலும் சாதி உட்கார்ந்தது. 1733-இல் முதல் இந்தியக் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார், அவர் வெள்ளாளர். படைவீரராக இருந்து உபதேசியாராக மாறி, பல ஊர்களில் சபைகளை வளர்த்த ராஜநாயக்கன் பறையர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அவர் பெயரும் பேசப்பட்டது. அவர் கையால் மற்றச் சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற பயத்தில் மிஷனரிகள் அவரை விட்டுவிட்டார்கள். சாகும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

திருப்புன்கூரும் சிதம்பரமும்

திருப்புன்கூரில் நந்தி சற்று விலகி இருக்கும். வாசலுக்கு வெளியே நின்ற நந்தனார் இறைவனைப் பார்க்க நந்தி விலகியது என்பது பெரியபுராணக் கதை. நந்தி விலகினாலும் நந்தன் வெளியேதான் நின்றார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் கவனிப்பதில்லை. சிதம்பரத்துக்குள் போக அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. பறையராகப் போனவர் வெளியே வந்தபோது பூணூலோடு வந்தாராம். பறையராகவே உள்ளே போக அந்தக் கதையில்கூட இடமில்லை.

சிதம்பரத்தில் கோயிலோடு நின்றுவிடாமல் நந்தனார் பள்ளிக்கும் அழைத்துப் போனோம். சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கியது அது. தீக்குளித்த நந்தனின் பெயரில் அவர் எழுப்பியது பள்ளிக்கூடம். மடத்தில் நம் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார், சட்டமன்றத்தில் நமக்காகப் பேசினார். அங்கே படித்து அரசு வேலைக்குப் போன முதல் தலைமுறையினர் இந்த மாவட்டங்கள் முழுக்க இருக்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை சிதம்பரத்தில் தரிசிக்க வேண்டிய இடம் அது.

எங்கள் ஊர்

கடைசி நாள் எங்கள் சேரியைச் சுற்றிக் காட்டினோம். பேத்தி தாத்தாவின் வீடு எது என்று கேட்டாள். குடிசை இருந்த மனையில் இப்போது அரசுத் திட்டத்தில் கட்டிய ஓட்டு வீடு. அதைத் தாண்டினால் வாய்க்கால், அதைத் தாண்டி எங்கள் சுடுகாடு. ஊர்க்காரர்களின் சுடுகாடு வேறு திசையில், வேறு பாதையில். பெரிய கோயில் கல்வெட்டில் பார்த்தோமே, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தனிச் சுடுகாடு, அது எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறோம்.

அங்கே நின்றுதான் அத்தை பேசினார். "அப்பாவுக்கு நிலம் இருந்துச்சுன்னு நான்தான் பிள்ளைங்ககிட்ட சொன்னேன். அவரு அப்படிச் சொன்னதில்ல. ராத்திரியில கட்டின துணியோட ஓடி வந்தேன்னு மட்டும்தான் சொல்வாரு. எனக்கு அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடி வந்தது வெக்கமா பாட்டி? அவரு வரலைன்னா நான் இல்லையே" என்றாள். அத்தான் ஒன்றும் சொல்லாமல் குனிந்து அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டார்.

வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை. கல்வெட்டில் சேரியைத் தனியாக அளந்தவர்கள், ஓலையில் மனிதரை விற்றவர்கள், வெண்மணியில் கதவைப் பூட்டிக் கொளுத்தியவர்கள், இன்றும் சுடுகாட்டுப் பாதையை மறிப்பவர்கள் வெட்கப்படட்டும். நாம் நம் வரலாற்றை மறைத்தால் அவர்களுக்கு அந்த வேலையும் மிச்சம்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் கோயிலைக் காட்டுங்கள், கோட்டையைக் காட்டுங்கள், கடலைக் காட்டுங்கள். அப்படியே உங்கள் சேரியையும் காட்டுங்கள். அதை வேன் ஓட்டுநரின் பட்டியலில் சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.