பாரன் தீவு: அந்தமான் கடலில் எரியும் மலை

திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டில் விரலை வைத்து, வரைபடத்தில் கிழக்கே நகர்த்திப் பாருங்கள். சென்னையையும் வங்கக் கடலையும் கடந்து ஏறத்தாழ 1,500 கி.மீ. போனால், சற்றுத் தெற்கே அந்தமான் கடலில் ஒரு சிறு புள்ளி தென்படும். அதுதான் பாரன் தீவு. தெற்காசியாவில் இன்று செயல்பாட்டில் இருக்கும் ஒரே எரிமலை இதுதான். எரிமலை என்றாலே இந்தோனேசியா, ஜப்பான் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு, நம் நாட்டிலும் ஒன்று புகைந்துகொண்டிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது.

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள இந்தத் தீவின் குறுக்களவு ஏறக்குறைய 3 கி.மீ. கடல்மட்டத்துக்கு மேலே தெரியும் உயரம் 350 மீட்டர் அளவுதான். ஆனால் மலையின் அடிவாரம் கடலுக்குள் 2 கி.மீ.க்கும் கீழே இருக்கிறது. கப்பலில் போகிறவர்கள் பார்ப்பது அதன் தலையை மட்டுமே. இங்கு மனிதர்கள் வசிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விட்டுச்செல்லப்பட்ட ஆடுகளின் வழிவந்த காட்டு ஆடுகளும், எலிகளும், வௌவால்களும், பறவைகளும் வாழ்கின்றன. மறுபக்கம் குழம்பு வழிந்துகொண்டிருக்க, இந்தப் பக்கச் சரிவில் ஆடுகள் மேய்வதை எழுதிவைக்காத ஆய்வாளர்கள் குறைவு.

1787-ல் ஆங்கிலேய மாலுமிகள் இது புகைவதைக் கண்டு பதிவு செய்தார்கள். 1885-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மேலட், இத்தீவையும் அருகிலுள்ள நார்கொண்டம் தீவையும் பற்றி விரிவான நூல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மலை அடங்கிவிட்டது. அணைந்தே போய்விட்டது என்றுகூடச் சிலர் எண்ணினார்கள். 1991-ல் அது மீண்டும் வெடித்தது. பிறகு 1994-95-லும், 2004 டிசம்பர் சுனாமிக்கு ஐந்து மாதங்கள் கழித்து 2005-லும் சீறியது.

2017 ஜனவரி 23 அன்று நடந்தது, ஆய்வாளர்களே எதிர்பாராதது. கோவாவின் தேசிய கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு, 'சிந்து சங்கல்ப்' என்ற ஆய்வுக் கப்பலில் அருகே நின்று கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்தது. திடீரென மலை சாம்பலைக் கக்கத் தொடங்கியது. ஒரு மைல் தொலைவுவரை நெருங்கிப் பார்த்தார்கள். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் நீடிக்கும் சிறு சிறு வெடிப்புகள். பகலில் சாம்பல் மேகம் மட்டுமே தெரிந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் எரிமலை வாயிலிருந்து செங்குழம்பு பீறிட்டுச் சரிவில் வழிவது கண்ணுக்குத் தெரிந்தது. ஜனவரி 26 அன்று மறுபடியும் போனபோதும் அது அடங்கவில்லை. சுற்றியுள்ள கடல்நீரையும் படிவையும், மலை கக்கிய கரித்துண்டு போன்ற கறுப்புத் துணுக்குகளையும் சேகரித்துத் திரும்பினார்கள்.

கடலடி மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மேலே விழும் சாம்பலை மழையும் அலையும் கரைத்துவிடும். கடலடியிலோ அது அடுக்கடுக்காகத் தங்கும். நீண்ட குழாயை இறக்கி அந்தப் படிவை எடுத்துப் பார்த்தால், எந்தக் காலத்தில் மலை சீறியது என்று கணக்கிடலாம். இந்த முறையில் பாரன் தீவின் வரலாறு ஏறத்தாழ 70,000 ஆண்டுகள் பின்னோக்கி வாசிக்கப்பட்டிருக்கிறது.

காரணம் பூமிக்குள் இருக்கிறது. இந்தியத் தட்டு, கிழக்கே பர்மா தட்டுக்கு அடியில் மெல்லச் சரிந்து இறங்குகிறது. உள்ளே போகும் பாறையிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள சூடான பாறை உருகும் வெப்பநிலையைக் குறைக்கிறது. உருகிய குழம்பு மேலெழுகிறது. 2004 ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கமும் இதே தட்டுகளின் மோதல்தான்.

முஸ்லிம்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான எரிமலைப் பூமி ஒன்று உண்டு. மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் கிடக்கும் கரும்பாறைப் பரப்புகளை ஹஜ், உம்ரா சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். அரபியில் 'ஹர்ரா' எனப்படும் அவை, உறைந்த எரிமலைக் குழம்புதான். அகழ்ப் போரில் வடக்குப் பக்கம் மட்டும் அகழி வெட்டினால் போதும் என்றானதற்கு, மற்ற பக்கங்களில் படை எளிதில் கடக்க முடியாத இந்தக் கற்பரப்பும் ஒரு காரணம்.

ஹிஜ்ரி 654-ல், அதாவது 1256 கோடையில், நிலநடுக்கங்களுக்குப் பின் மதீனாவுக்கு அருகே பூமி பிளந்து 52 நாட்கள் குழம்பு பாய்ந்தது. 23 கி.மீ. ஓடிய அது, நகரை நெருங்கி வந்து நின்றது. ஹிஜாஸிலிருந்து ஒரு நெருப்பு வெளிப்படும் என்ற நபி (ஸல்) அவர்களின் முன்னறிவிப்பு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தம் காலத்தில் நிகழ்ந்த இதையே இமாம் நவவி (ரஹ்) அதனுடன் இணைத்துக் குறிப்பிட்டார்கள். மதீனாவாசிகள் அனுப்பிய கடிதங்களை டமாஸ்கஸில் இருந்த அபூ ஷாமா (ரஹ்) தம் வரலாற்றில் சேர்த்தார்கள். இன்றைய புவியியலாளர்களுக்கும் அவை சான்றுகள். ஒரு திருத்தம்: அதே ஆண்டு ரமளானில் மஸ்ஜிதுந் நபவி எரிந்தது விளக்கிலிருந்து பற்றிய தீயால், எரிமலையால் அல்ல. இரண்டையும் கலந்து எழுதுவோர் இன்றும் உண்டு.

அந்த மண் இன்னும் முழுதாக உறங்கவில்லை. 2009 ஏப்ரல் முதல் மதீனாவின் வடமேற்கே உள்ள ஹர்ரத் லுனய்யிரில் ஆயிரக்கணக்கான நில அதிர்வுகள் பதிவாயின. மே 19 அன்று 5.4 அளவில் ஓர் அதிர்வு. தரையில் சுமார் 8 கி.மீ. நீளப் பிளவு. குழம்பு மேலேறி வருவதைச் செயற்கைக்கோள் அளவீடுகளும் காட்டின. சவூதி அரசு அல்-அய்ஸ் பகுதியிலிருந்து 30,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. குழம்போ மேற்பரப்பை எட்டாமல் நிலத்தடியிலேயே நின்றுபோனது. அதிர்வுகள் தணிந்து, கருவிகள் அமைதியைக் காட்டிய பிறகு மக்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

பாரன் தீவில் வெளியேற்ற ஆட்கள் இல்லை. ஆனால் அதன் வழியே கப்பல்களும் விமானங்களும் போகின்றன. வானில் எழும் சாம்பல் விமான இயந்திரத்துக்குள் புகுந்தால் உருகி ஒட்டி, அதை நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் செயற்கைக்கோள்கள் அதை விடாமல் பார்க்கின்றன. 2025 செப்டம்பரிலும் அது இரண்டு முறை சிறிய அளவில் சீறியது.