கழுவியும் போகாத எழுத்து

உம்பர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' (1980) நாவலை வாசிக்காவிட்டாலும், சோன் கொனரி நடித்து 1986இல் வந்த படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1327இல் ஒரு இத்தாலிய மடாலயம். துறவிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். காரணம் ஒரு புத்தகம்: அரிஸ்டோட்டில் நகைச்சுவை பற்றி எழுதியதாக நம்பப்படும், இன்றுவரை கிடைக்காத பாகம். கடைசியில் நூலகமே எரிகிறது. அந்த இடம் வரும்போது எங்கட ஆக்களுக்கு 1981 ஞாபகம் வராமல் இருக்காது.

நான் சொல்ல வந்தது உண்மையில் நடந்த ஒன்றை. என்னைக் கேட்டால் இது எக்கோவின் கதையைவிடத் திறம்.

பத்தாம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஒருவர் ஆர்க்கிமிடீசின் நூல்களைத் தோல் தாள்களில் பிரதி செய்தார். 1229இல் மைரோனாஸ் என்ற ஒருவருக்குப் பிரார்த்தனைப் புத்தகம் எழுதத் தோல் தேவைப்பட்டது. தோல் விலை கூடின சாமான். பழைய பிரதியைப் பிரித்து, மையைக் கழுவிச் சுரண்டி, தாள்களைக் குறுக்கே திருப்பி நடுவில் மடித்து, மேலே செபங்களை எழுதினார். பழைய ஒரு தாள் புதுப் புத்தகத்தில் இரண்டானது.

மைரோனாசை எல்லாரும் திட்டுவார்கள். குசினியில் கோப்பை கழுவித் தொடங்கின எனக்கு அந்த ஆளில் கோபம் வரவில்லை. செபப் புத்தகமாக இருந்தபடியால்தான் பெத்லகேமுக்குப் பக்கத்து மார் சாபா மடாலயத்தில் அது பத்திரமாகக் கிடந்தது. கணக்குப் புத்தகமாகவே இருந்திருந்தால் யார் காத்திருப்பார்கள்?

பிறகு அது திரும்பவும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு வந்தது. 1899இல் வெளியான ஒரு பட்டியலில், செபங்களுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த சில வரிகளும் அச்சாகின. டென்மார்க்கின் ஹைபர்க் அவற்றைப் பார்த்ததுமே ஆளைப் பிடித்துவிட்டார். 1906இல் நேரில் போய், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இருந்து வாசித்தார். கிடைத்தது 'முறை' என்ற நூல். வேறெந்தப் பிரதியிலும் அது இல்லை. உருவங்களைக் கற்பனைத் தராசில் வைத்து நிறுத்து, பரப்பும் கனவளவும் கண்டுபிடித்த வழியை ஆர்க்கிமிடீஸ் எரதொஸ்தெனீசுக்கு அதில் எழுதுகிறார். நியூட்டனுக்கு ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு மேல் முந்தி!

முதலாம் உலகப்போருக்குப் பிறகு புத்தகத்தைக் காணோம். 1998இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடமிருந்து நியூயோர்க் ஏலத்துக்கு வந்தது. ஜெருசலேம் கிரேக்கத் திருச்சபை எங்களுடையது என்று வழக்குப் போட்டுத் தோற்றது. பெயர் சொல்லாத ஒருவர் இருபது லட்சம் டொலருக்கு வாங்கினார். காணாமற்போன காலத்தில் பூஞ்சணம் தின்றிருந்தது. அதைவிட மோசம், யாரோ நாலு பக்கங்களில் பழங்காலத்துப் படங்கள் மாதிரிப் புதிதாக வரைந்திருந்தார்கள். பயன்படுத்திய பச்சை நிறம் 1938இல்தான் சந்தைக்கு வந்தது, அதனால் களவு பிடிபட்டது. எழுத்தை அழித்தவர்களில் எனக்குக் கோபம் வருவது இந்த ஆளில்தான். மைரோனாசுக்குத் தேவை தோல், இவருக்குத் தேவை காசு.

வாங்கியவர் புத்தகத்தைப் பூட்டி வைக்கவில்லை. போல்டிமோர் வோல்ட்டர்ஸ் அருங்காட்சியகத்திடம் கொடுத்தார், வேலைக்குப் பணமும் கொடுத்தார். முதுகில் பூசியிருந்த பசையை நீக்கித் தாள்களைப் பிரிக்கவே நாலு வருசம் போனது. பல நிற ஒளிகளில் படம் எடுத்தார்கள். போலிப் படங்களுக்கு அடியில் இருந்ததை, மையிலிருந்த இரும்பைத் தேடும் எக்ஸ்ரே கொண்டு கலிபோர்னியாவில் வாசித்தார்கள். மைரோனாசின் பெயரும் திகதியும் அப்போதுதான் முதல் பக்கத்தில் தெரிந்தன. ஹைபர்க் வாசிக்க முடியாமல் விட்ட ஒரு பகுதியில், ஆர்க்கிமிடீஸ் முடிவிலிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் தெரியவந்தது. நாங்கள் கம்பசில் முதல் வருசம் படித்தபோது அதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு.

2008இல் எல்லாப் படங்களையும் இலவசமாக வெளியிட்டார்கள். பதினாலாம் தேற்றம் உள்ள பக்கம் என் கணினியில் இருக்கிறது. கிரேக்கம் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வேலை முடிந்து வந்து, செபத்துக்குக் குறுக்கே செந்நிறமாக ஓடும் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.