கடாரத்துத் தோட்டங்களும் இளம் ஆய்வாளருக்குரிய மதிப்பும்

முன்னுரை

ஒரு சமூகத்தின் வாழ்வைச் சமூக அறிவியல் நோக்கில் ஆராய்வோருக்கு மதிப்பளிக்க வேண்டிய காலம் எது? அவர்தம் பணி நிறைவுற்ற பின்னரா, அது தொடங்கும் நிலையிலா? மலேசிய இந்தியர் ஆய்வு வரலாற்றையும் கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடைகாண இக்கட்டுரை முயல்கின்றது.

இளமையில் விளைந்த நூல்கள்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தனிநாயக அடிகளார் 1961இல் தலைமையேற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இதனையடுத்து நம் துறைக்கு அடித்தளமான மூன்று நூல்கள் வெளிவந்தன. கெர்னியல் சிங் சந்துவின் குடியேற்ற வரலாறு 1969இலும், சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும் ரவீந்திர ஜெயினின் தோட்ட ஆய்வும் 1970இலும் வந்தன. முதலிருவரும் அப்பொழுது நாற்பது வயதை ஒட்டியவர்கள். ஜெயினின் நூலோ, அவர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவராக 1960களின் தொடக்கத்தில் தோட்டமொன்றில் தங்கிச் செய்த கள ஆய்வில் விளைந்ததாகும்.

பிற சமூகங்களிலும் இந்நிலையைக் காண்கின்றோம். அமெரிக்க யூதர் வாழ்வை ஆராய்ந்த மார்ஷல் ஸ்கிளேரின் 1955ஆம் ஆண்டு நூல் அவரது முனைவர் பட்ட ஆய்வேட்டினின்று எழுந்தது. அத்துறை ஆய்வாளரின் சங்கம் அவர் பெயரால் மூத்த அறிஞருக்கு விருதளிப்பதோடு, இளநிலை ஆய்வாளருக்கெனத் தனி விருதும் வழங்கியுள்ளது.

காலந்தாழ்த்தலின் விலை

புக்கிட் செலம்பாவுக்கு அண்மையிலுள்ள பீடோங் வட்டாரத் தோட்டங்களில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவராக விளங்கினார். கள்ளுக்கடைகளை எதிர்த்த அவ்வியக்கம் 1947இல் காவல்துறையினரின் அடக்குமுறைக்கு உள்ளாயிற்று. அதனைத் தனிப்பொருளாகக் கொண்ட கே. நடராஜாவின் கட்டுரை 1981இல் வெளிவந்தது. நிகழ்ச்சிக்கும் அக்கட்டுரைக்கும் இடையே 34 ஆண்டுகள் கழிந்தன.

1947இல் இருபது வயதினராயிருந்த பால்வெட்டுத் தொழிலாளி 1981இல் ஐம்பத்து நான்கு வயதில் தம் நினைவுகளைக் கூறியிருக்கக்கூடும். இன்றோ அவர் நூறு வயதை அணுகியிருப்பார். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தபின் லயன் வீடுகளும் பெரட்டுக்களங்களும் மறைந்து வருகின்றன. ஏட்டில் பதியாதவற்றைச் சொல்லக்கூடிய முதியோரை விரைந்து அணுக வல்லவர் யாவர்? அத்தோட்டங்களில் பிறந்து, அம்முதியோரைத் தாத்தா, பாட்டி என்று அழைத்துப் பேசும் இளம் ஆய்வாளரே ஆவர். அவர்களோ பட்டம் பெற்றதும் வேறு பணிக்குச் சென்றுவிட, அவர்தம் ஆய்வேடுகள் நூலக அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன.

முடிவுரை

மதிப்பு என்பது பொன்னாடையோடு நின்றுவிடுவதன்று. நல்ல ஆய்வேட்டை நூலாக்குதல், களப்பணிக்குப் பொருளுதவி செய்தல், மாணவர் திரட்டிய தரவைக் கையாளுங்கால் அவர் பெயரைச் சுட்டுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகளாகும். மூன்றாவது செலவற்றது; எனினும் விரிவுரையாளராகிய நாமே அதில் தவறியதுண்டு. தமிழாசிரியர்கள் தம் பள்ளி வட்டாரத்து முதியோரிடம் இளம் ஆய்வாளரை அழைத்துச் செல்வார்களாயின், அதுவே அவர்களுக்கு நாம் அளிக்கும் முதல் விருதாகும். அம்முதியோர் இருக்கும்பொழுதே அதனைச் செய்தல் நம் கடமை.